சாமி படம் எடுத்த கம்பெனிப் பிள்ளை



சில வருடங்களுக்கு முன்னால் சிரம்பானுக்குத் தெற்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்த சங்கதியைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம். பழுக்காத குலைகளை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லி, வெட்டுக்காரர்கள் நாலைந்து பேருக்குச் சம்பளத்தில் பிடித்தம் போட்டுவிட்டார்கள். ஏதோ ஐந்தாறு காய்க்குலைதான். ஆனால் அன்றைக்கு வெட்டின மொத்தக் கூலியும் போச்சு. நாம் போய் ஆபீசில் உட்கார்ந்து ஒப்பந்தம், சட்டம் என்று பேசிப் பார்த்தோம். பேச்சு அசையவில்லை. நம்மோடு வந்திருந்த ஒரு பெரியவர், அந்தக் காலத்துப் பால்மரத் தொழிலாளி, அதுவரை வாயே திறக்காமல் இருந்தவர், மெதுவாகத் தொண்டையைச் செருமினார். பாண்டியன் சபையில் தருமி கேட்டானே, அதைத்தான் நாங்களும் கேட்கிறோம் என்று ஆரம்பித்தார். பாட்டில் எவ்வளவு பிழை இருக்கோ அவ்வளவுக்குப் பரிசைக் குறைச்சுக்குங்க, மூட்டையையே திருப்பி எடுத்துக்கிட்டுப் போகாதீங்க என்கிற தோரணையில் பேசி முடித்தார்.

கிராணிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. கிராணிதான் மலாயில் முழுக் கதையையும் சொன்னார்: பாண்டியன், ஆயிரம் பொற்காசு, ஏழைப் புலவன், குற்றம் கண்டுபிடித்த நக்கீரர் எல்லாம். கதை கேட்டு முடிவதற்குள் பிடித்தம் காய்க்குலை அளவுக்கு இறங்கிவிட்டது.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது பெரியவர் நம்மிடம் ஒரு கேள்வி போட்டார். தருமியாக நடித்தது நாகேஷ், சிவபெருமானாக வந்தது சிவாஜி, இதெல்லாம் தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பேச்சை எல்லாம் எழுதின மனுஷன் யாரு? எங்கே பிறந்தவன், என்ன படிச்சவன்?

பெயர் நமக்குத் தெரியும். ஏ.பி. நாகராஜன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. உண்மையைச் சொல்வதானால் தெரிந்துகொள்ள நாம் ஆசைப்பட்டதும் இல்லை. இருபது சொச்சம் வயதில் சங்க வகுப்புகளில் பேச ஆரம்பித்த புதிதில், சாமி படங்களைக் காட்டித்தான் தொழிலாளியைத் தூங்க வைக்கிறார்கள் என்று மேசையைக் குத்திக்கொண்டு பேசியவர்கள் நாம். கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். அந்தப் பெரியவர் கேட்ட பிறகுதான் விசாரித்தோம், தேடிப் படித்தோம். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

நாகராஜன் பிறந்தது 1928-ஆம் வருடம் பிப்ரவரி 24-ந் தேதி. சேலம் ஜில்லா சங்ககிரிக்குப் பக்கத்தில் அக்கம்மாபேட்டை என்கிற கிராமம். அந்த ‘ஏ’ என்பது ஊர்ப் பெயர். ‘பி’ என்பது தகப்பனார் பரமசிவம். நம்மில் எத்தனையோ பேருடைய பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தது அந்தச் சேலம், நாமக்கல் பக்கத்து மண்ணிலிருந்துதான். அந்த வகையில் அவர் நம்மூர்க்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் நாகராஜன் அல்ல, குப்புசாமி. நாடகத்துக்கு வந்த பிறகுதான் நாகராஜன் ஆனார்.

சின்ன வயசிலேயே தாய் தகப்பனை இழந்து பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை. அந்தப் பாட்டிதான் பையனை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நாடகக் கம்பெனி என்றதும் இன்றைய பிள்ளைகள் ஏதோ கலைக்கூடம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது வேலை செய்யும் இடம் ஐயா! வேலை செய்தது சிறுவர்கள். அந்த நாளில் தமிழ்நாட்டில் ‘பாய்ஸ் கம்பெனி’ என்று இவற்றுக்குப் பெயர். நாடகத் தமிழுக்குத் தந்தை என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், பெரிய நடிகர்கள் சொன்னபடி கேட்கமாட்டேன் என்கிறார்கள் என்று அலுத்துப்போய், சிறுவர்களை வைத்தே நாடகம் போட ஆரம்பித்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்று ஒரு சபை வைத்தார். அவரைப் பார்த்து ஊருக்கு ஊர் கம்பெனிகள் முளைத்தன. வீட்டில் சோற்றுக்கு வழி இல்லாத பிள்ளைகளைப் பெற்றவர்களே கொண்டுவந்து விட்டார்கள். சாப்பாடு கம்பெனியில், படுக்கை கம்பெனியில், அடியும் கம்பெனியில். விடியற்காலையில் எழுப்பிச் சாதகம், பகலெல்லாம் பாடம், ராத்திரி முழுக்க நாடகம். பள்ளிக்கூடம் கிடையாது. குரல் இனிமையாக இருக்கிற வரைக்கும் மதிப்பு. பதினான்கு பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததா, நேற்றுவரை ராஜபார்ட் போட்டவன் இன்றைக்குத் திரை இழுக்க வேண்டியதுதான்.

நம்முடைய பெற்றோர் தலைமுறையில் விடியற்காலைப் பெரட்டுக்கு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போய், பள்ளிக்கூட நேரம் வரும்வரை மங்கு துடைத்த பிள்ளைகள் எத்தனை பேர்! நாமும் விடுமுறை நாட்களில் வாளி தூக்கியவர்கள்தான். இந்த நாட்டில் சிறார், இளையோர் வேலைச் சட்டம் 1966-இல் வந்தது. அந்தக் கம்பெனிப் பிள்ளைகளின் காலத்தில் அவர்களுக்காகச் சட்டம் பேசவும் ஆளில்லை. தமிழ்நாடு என்று இல்லை, லண்டனில் பிறந்த சார்லி சாப்ளினும் ஏழைகள் விடுதியில் கிடந்துவிட்டு, பத்து வயதுக்குள்ளேயே மேடையில் கட்டை செருப்பு நடனம் ஆடிப் பிழைத்த பிள்ளைதான்.

நாகராஜனுக்கு ஒரு நல்ல காலம், அவர் போய்ச் சேர்ந்தது டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனி. சங்கரன், முத்துசாமி, ஷண்முகம், பகவதி என்று நான்கு அண்ணன் தம்பிகள். அவர்களே சங்கரதாஸ் சுவாமிகளிடம் கம்பெனிப் பிள்ளைகளாக இருந்து அடிபட்டு வந்தவர்கள். 1925-இல் சொந்தமாகச் சபை ஆரம்பித்தார்கள். ஒழுங்கும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. சுத்தத் தமிழ் உச்சரிப்பு என்றால் உயிரை விடுவார்கள். ஔவையார் நாடகத்தில் கிழவி வேஷம் போட்டு, அதனாலேயே ஔவை ஷண்முகம் என்று பெயர் வாங்கினவர் மூன்றாமவரான டி.கே. ஷண்முகம்.

அங்கே நாகராஜனுக்குக் கிடைத்தது ஸ்திரீ பார்ட். பெண் வேஷம். ஆண் பிள்ளைகள்தான் அப்போது சீதையும் சாவித்திரியும். இதில் ஒரு லாபம் இருக்கிறது. ஒரே பையன் ஒரு நாள் மகாராணி, மறுநாள் வேலைக்காரி. அடுத்தவர் பேசுவதையும் இரவெல்லாம் கேட்டுக்கொண்டே மேடையில் நிற்க வேண்டும். கதையின் எந்த இடத்தில் ஜனங்கள் சாய்ந்து உட்காருகிறார்கள், எந்த இடத்தில் நிமிர்கிறார்கள், எந்த வார்த்தைக்கு டிக்கெட் கம்மியான தரை மகாஜனங்கள் விசில் அடிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பாடம். எழுத்தைப் புத்தகத்தில் படித்தவன் ஒரு மாதிரி எழுதுவான், காதால் படித்தவன் வேறு மாதிரி எழுதுவான். தருமி பேசுகிற பேச்சு ஒரு தடவை கேட்டால் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதற்குக் காரணம் அதுதான் என்பது நம் அபிப்பிராயம்.

பிறகு சக்தி நாடக சபாவில் இருந்தார். சிவாஜி கணேசனும் அந்தச் சபாவில் நடித்தவர். அதன் பிறகு பழனி கதிரவன் நாடக சபா என்று சொந்தமாகவே ஒன்று வைத்தார். கம்பெனியில் வேலைக்கு வந்த பிள்ளை கம்பெனி நடத்த ஆரம்பித்துவிட்டது. சும்மா நடத்தவில்லை, நாடகத்தையும் தானே எழுதினார். அப்படி எழுதியதுதான் ‘நால்வர்’. அது 1953-இல் படமானது. கதை வசனமும் அவரே, கதாநாயகனும் அவரே. வயது இருபத்தைந்து. அடுத்த வருடம் ‘மாங்கல்யம்’. இரண்டையும் எடுத்தது சேலத்து எம்.ஏ. வேணு. எல்லாம் பட்டணத்தில் என்று இல்லாமல் சேலத்திலேயே ஸ்டூடியோக்கள் வைத்துப் படம் எடுத்த காலம் அது.

நடிகராக அவர் பெரிதாக வரவில்லை. அதை அவரே சீக்கிரம் புரிந்துகொண்டார் போலும். பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1955-இல் வந்த ‘டவுன் பஸ்’ அவர் எழுதியது. பஸ்ஸில் வேலை செய்கிறவர்களின் கதை. 1957-இல் ‘மக்களைப் பெற்ற மகராசி’. இந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவரை சினிமாக் கதாநாயகன் பேசிய தமிழ் ஒன்று ஐயர் வீட்டுத் தமிழ், இல்லாவிட்டால் மேடைத் தமிழ். குடியானவனாக வருகிறவனும் அடுக்கு மொழிதான் பேசுவான். இந்தப் படத்தில் சிவாஜி, ஒரு கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடியானவன் பேசுகிற மாதிரியே ஏனுங்க, வாங்க, போங்க என்று கொங்குத் தமிழ் பேசினார். எழுதினவருக்கு அது பாட்டியிடம் கேட்ட பேச்சு. பெரிய கதாநாயகன் வாயில் தன் கிராமத்துப் பேச்சை வைக்கும் துணிச்சல் சாதாரணமல்ல. நம் பிள்ளைகள் தோட்டத்துத் தமிழ் பேசினால் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள் என்று பேசுவதை நிறுத்திவிட்டு மூலையில் உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தப் படத்தை அவரும் வி.கே. ராமசாமியும் கூட்டாகத் தயாரித்தார்கள். வி.கே. ராமசாமியும் நாடகக் கம்பெனியில் வளர்ந்த பிள்ளைதான். 1958-இல் ‘சம்பூர்ண ராமாயணம்’. ராமனாக என்.டி. ராமராவ், பரதனாகச் சிவாஜி, ராவணனாக டி.கே. பகவதி. கவனித்தீர்களா? பகவதி, நாகராஜனைச் சேர்த்து வளர்த்த அந்த நான்கு சகோதரர்களில் ஒருவர். கம்பெனியில் யார் வாய்ப்பாடம் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்களுக்கே இப்போது வசனம் எழுதிக் கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டார். சினிமாவே பிடிக்காத ராஜாஜியும் அந்தப் படத்தைப் பார்த்துப் பரதனைப் பாராட்டினார்.

அவருடைய அரசியலையும் சொல்லிவிடுவது நல்லது. அந்தக் காலத்தில் சினிமா வசனம் என்றாலே திராவிட இயக்கத்துக்காரர்களின் கொடி பறந்தது. நாகராஜன் அந்தப் பக்கம் போகவில்லை. ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகத்தில் இருந்தார். ம.பொ.சி. யார்? மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளியாக இருந்து, சிலப்பதிகாரத்தைக் கரைத்துக் குடித்து மேடை ஏறினவர். தமிழ் வேண்டும், தமிழ்நாட்டுக்கு எல்லை வேண்டும், அதற்காகச் சாமியை விட்டுவிட வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. நாகராஜன் பின்னாளில் எடுத்த படங்களுக்கெல்லாம் விதை அங்கே கிடக்கிறது.

1962-இல் ‘வடிவுக்கு வளைகாப்பு’ படத்தை முதன்முதலாக டைரக்ட் செய்தார். 1964 தீபாவளிக்கு ‘நவராத்திரி’ வந்தது. சிவாஜிக்கு அது நூறாவது படம், அதில் ஒன்பது வேஷம். டாக்டர், குடிகாரன், குஷ்டரோகி, குடியானவன், கூத்துக்காரன் என்று வரிசையாக வருவார். அதில் நமக்குப் பிடித்தது கூத்துக்காரன்தான். பெரிய பெரிய கலர் செட்டுகளுக்குக் காசு செலவழிக்கிற சினிமாவில், கிராமத்துத் தெருக்கூத்தைக் கொண்டுவந்து சத்தியவான் சாவித்திரி ஆட வைத்திருக்கிறார். நடிகையர் திலகம் சாவித்திரி அதில் அடிக்கிற லூட்டி! நாற்பது வருடம் கழித்து வீடியோவில் பார்த்தபோதும் நம் வீட்டுப் பெண்கள் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார்கள்.

அடுத்த வருடம், 1965-இல், ‘திருவிளையாடல்’. கதை வசனம், தயாரிப்பு, டைரக்ஷன் எல்லாம் அவர். கே.வி. மகாதேவன் இசை, கண்ணதாசன் பாட்டு. புராணப் படத்துக்குக் காலம் முடிந்துவிட்டது, ஜனங்கள் சமூகக் கதைதான் கேட்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். படம் வெள்ளிவிழா ஓடியது. தேசிய விருதுக் குழுவும் அந்த வருடத்துத் தமிழ்ப் படங்களில் இரண்டாவது சிறந்த படம் என்று தகுதிப் பத்திரம் கொடுத்தது.

நம் பக்கத்திலும் என்ன ஓட்டம்! பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோட்டத்துத் திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். மாலை ஐந்து மணிக்கே பாய் விரித்து இடம் பிடித்துவிடுவார்களாம். லாபு, ரந்தாவ், பகாவ் பக்கமெல்லாம் ஒரு தோட்டத்தில் படம் என்றால் மூன்று தோட்டத்து ஜனம் சைக்கிளில் வந்துவிடும். துணிக்கு முன்பக்கம் இடம் இல்லாதவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குச் சிவாஜி இடது கையால் சூலம் பிடித்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். படத்தின் வசனத்தை இசைத்தட்டாகவும் போட்டு விற்றார்கள். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் ஒலிபெருக்கியில் அந்த வசனம்தான். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கள் ழகரம் சுத்தமாகச் சொல்லித் தருமியையும் நக்கீரரையும் பேசிக் காட்டினார்கள். நம்முடைய தோட்டப் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு வாத்தியார் அந்தக் காட்சியைத்தான் போட்டார். நமக்குக் கிடைத்தது ஈட்டி பிடித்து நிற்கும் சேவகன் வேஷம். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, ஆனாலும் முழு வசனமும் மனப்பாடம். இன்றைக்கு மேடையில் நிற்கும்போது நமக்கு வருகிற தமிழில் பாதி, அந்தச் சேவகன் கேட்டுக்கொண்டு நின்ற தமிழ்.

இப்போது அந்தப் படத்தை, சங்கக்காரன் கண்ணோடு, மறுபடியும் பாருங்கள். சிவபெருமான் அதில் எப்படி எப்படி வருகிறார்? ஒரு கதையில் மீனவன். இன்னொன்றில் தலையில் சுமையோடு வரும் விறகு வெட்டி. பெரிய வித்துவான் ஹேமநாத பாகவதர், கூட்டத்தோடும் மிடுக்கோடும் பாண்டிய நாட்டையே எழுதிக் கேட்கிறார். அவரை ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டு ஓட வைப்பது, திண்ணையில் படுத்துக்கொண்டு பாடுகிற ஒரு கூலிக்காரன். புராணத்தில் இருக்கிற கதைதான், நாகராஜன் உண்டாக்கவில்லை. ஆனால் அறுபத்து நாலு திருவிளையாடலில் எதைப் பொறுக்கி எடுத்தார் என்று பார்க்க வேண்டும் அல்லவா? 1967-இல் ‘திருவருட்செல்வர்’ எடுத்தபோதும் திருக்குறிப்புத் தொண்டர் கதையைச் சேர்த்துச் சிவாஜியைத் துணி வெளுக்கிற தொழிலாளியாக நிறுத்தினார்.

நக்கீரரை மறந்துவிட்டோமே! கடவுளே எதிரே வந்து நின்று நெற்றிக்கண்ணைக் காட்டி மிரட்டினாலும், தப்பு தப்புத்தான் என்று சொல்லிவிட்டு நகராமல் நிற்கிற அந்தப் புலவர் வேஷத்தில் நடித்தது வேறு யாருமில்லை, சாக்ஷாத் நாகராஜனேதான். நடிப்பை விட்டுவிட்ட மனுஷன் இந்த ஒரு வேஷத்தை வேறு ஆளிடம் கொடுக்காமல் தானே கட்டிக்கொண்டார். குரலை உயர்த்தாமல், கையை ஆட்டாமல், சிவாஜியின் கர்ஜனைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதைப் பாருங்கள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகிற நம் ஆட்கள் படித்துக்கொள்ள அதில் விஷயம் இருக்கிறது. கடைசியில் நக்கீரர் குளத்தில் விழுந்து எழுந்து மன்னிப்புக் கேட்டுப் பாடுகிறாரே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் நமக்கும் நாகராஜனுக்கும் வழி பிரிகிறது. கேள்வி கேட்கிறவரை அழைத்துக்கொண்டு போய்விட்டு, கடைசி ரீலில் கும்பிட வைத்துவிடுவார். ‘சரஸ்வதி சபதம்’ படத்தில் பிச்சைக்காரி மகாராணி ஆவதும் யானை மாலை போட்டதால்தான், ஊர் கூடிக் கேட்டதால் அல்ல. பெண்கள் விஷயத்திலும் அப்படியே. வாதாடுவார்கள், அழகாகவே வாதாடுவார்கள், முடிவில் புருஷன் காலில் விழுந்துவிடுவார்கள். சங்க வகுப்பில் நாம் குறை சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்று இப்போதும் சொல்கிறோம். மிச்சப் பாதி, படத்தையே சரியாகப் பார்க்காமல் பேசியது.

சாமி இல்லாத படம் ஒன்று இருக்கிறது. நம்மைக் கேட்டால் அவர் எடுத்ததிலேயே அதுதான் முதல் படம். 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை. அதை நாகராஜன் படமாக்கியபோது அது நாதஸ்வரக்காரர்கள், தவில்காரர்கள், ஆட்டக்காரிகள், டிராமாக் கோஷ்டிகள் ஆகியோரின் கதையாக, அதாவது தொழிலாளிகளின் கதையாக மாறிவிட்டது. ஆரம்பத்திலேயே சிக்கல் சண்முகசுந்தரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை வெடிக்கிறார்கள். வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுகிறார். தன் வேலைக்கு மரியாதை இல்லாத இடத்தில் வேலை செய்யமாட்டேன் என்பதற்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? தவில்காரர் டி.எஸ். பாலையா ரயிலில் செய்கிற சேட்டை, பணக்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வைத்தியாக நாகேஷ், ஊர் ஊராக டிராமா போட்டுப் பிழைக்கும் ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. இதில் மனோரமாவைக் கவனித்துப் பாருங்கள். ஜனங்கள் சிரிப்பதற்காக வைத்த பாத்திரம் என்று முதலில் தோன்றும். ஆனால் சண்முகசுந்தரத்துக்கு ஒரு கஷ்டம் என்றதும் ஓடி வந்து நிற்பது அவள்தான். தகரக் கொட்டகையில் ஒட்டுப் போட்ட திரைக்குப் பின்னால் வாழ்ந்தவர்களை உள்ளேயிருந்து பார்த்தவன்தான் அப்படி எழுத முடியும்.

நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த வருடத்தின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். நாகராஜன் படங்களில் வருகிறவர்களை ஒரு பெரட்டில் நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டால், சிவாஜி கணேசன், டி.ஆர். மகாலிங்கம், வி.கே. ராமசாமி, டி.எஸ். பாலையா, மனோரமா என்று பாதிப் பேர் நாடகக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். இசையமைத்த கே.வி. மகாதேவனும் சின்ன வயதில் நாடகக் கம்பெனிகளில் இருந்தவர். பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பார்க்காத இத்தனை பேர் சேர்ந்துதான் நமக்கெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசி வருடங்களில் ஒரு பக்கம் சின்னப் படங்கள் எடுத்தார். 1969-இல் ‘வா ராஜா வா’. மாமல்லபுரத்தில் வெளியூர்க்காரர்களுக்குச் சிற்பங்களைக் காட்டிப் பிழைக்கிற ஒரு சிறுவன்தான் கதாநாயகன். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. வேலை செய்கிற பிள்ளையை அவர் மறக்கவில்லை என்பதற்கு இந்தப் படம் போதும். குன்னக்குடி வைத்தியநாதனுக்கு இசையமைப்பாளராக அதுதான் முதல் படம். 1970-இல் ‘திருமலை தென்குமரி’. ஒரு பஸ் நிறைய ஜனங்கள் யாத்திரை போவதுதான் கதை. இன்னொரு பக்கம் பிரம்மாண்டம். 1973-இல் ‘ராஜராஜ சோழன்’. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம். அரு. ராமநாதன் எழுதி டி.கே.எஸ். சபை மேடையேற்றிய நாடகம் அது. தன்னை வளர்த்த கம்பெனியின் நாடகத்தை அத்தனை பெரிய திரைக்குக் கொண்டுபோனார். அதே 1973-இல் டி.கே. ஷண்முகம் காலமானார். படம் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘தில்லானா’வில் இருந்த உயிர் இல்லை. திரை பெரிதாகி மனிதர்கள் சின்னதாகிவிட்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

மறுவருடம் ‘குமாஸ்தாவின் மகள்’ எடுத்தார். இதுவும் டி.கே.எஸ். கம்பெனியின் பழைய நாடகம்தான். ‘குமாஸ்தாவின் பெண்’ என்று மேடையில் அது சக்கைப்போடு போட்ட காலத்தில் நாகராஜன் அந்தக் கம்பெனிப் பிள்ளைகளில் ஒருவர். அந்தப் படத்தில் கமல்ஹாசனும் நடித்தார். அவரும் குழந்தையாக இருக்கும்போது டி.கே. ஷண்முகத்தின் சபையில் இருந்தவர். காலம் மாறிவிட்டது, ஜனங்களுடைய ருசியும் மாறிவிட்டது. நீளமான வசனத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. 1977 மார்ச்சில் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த ‘நவரத்தினம்’ வெளிவந்தது. அடுத்த மாதம், ஏப்ரலில், நாகராஜன் காலமானார். வயது நாற்பத்தொன்பதுதான். நம்மைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. எண்ணிப் பார்க்கும்போது கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, போன வருடம் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது பெரியவரைத் தேடிப் பிடித்துச் சொன்னோம். தோட்டமே பாதி வீடமைப்புக்குப் போய்விட்டது. லயத்தில் இப்போது பங்களாதேஷ் தம்பிகள் இருக்கிறார்கள். பெரியவர் மகன் வீட்டில், பக்கத்துத் தாமானில். நாம் சொன்னதை எல்லாம் அவர் அவசரப்படாமல் கேட்டார். சிவாஜி சம்பந்தப்பட்டதற்கு லேசாகத் தலையாட்டினார். பாட்டி கொண்டுபோய் விட்ட கதைக்கு மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

பங்குனித் திருவிழா வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கலைந்து போன குடும்பங்கள் எல்லாம் சிரம்பானிலிருந்தும் நீலாயிலிருந்தும் காரில் வந்து சேர்ந்தன. ஒலிபெருக்கிப் பையன் புதுப்பாட்டு போட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் போய் அவன் காதில் என்னவோ சொன்னார். பாட்டு நின்றது. மைக்கை வாங்கி, நம்ம சேலத்துப் பக்கத்துப் பையன் சங்ககிரி குப்புசாமி எழுதின வசனம் இப்போது வரும் என்று அறிவித்தார். யாரந்தக் குப்புசாமி என்று ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மண்டபத்தில் தனியாகப் புலம்பிக்கொண்டு தருமி வந்துவிட்டான்.